சிலிண்டர் இல்லாமல், வட சென்னைத் தண்ணீரில் செடித் தொட்டி அமைக்க முடியுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அன்பர் கேட்டது இதுதான்: வீட்டில் இரண்டடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கோ விலை உயர்ந்த விளக்குக்கோ செலவழிக்க இயலாது, கொளத்தூரில் வாங்கிவந்த நீர்ச்செடிகள் இரண்டே வாரத்தில் கரைந்துபோயின, இனி எந்த உரம் போட வேண்டும்? கேள்வி உரத்தில் முடிந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். தன் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரிலேயே, எளிய சாதனங்களைக் கொண்டே, செடிகளை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி. முடியும். ஆனால் அந்தப் பட்டியலில் உரம் கடைசியில்தான் வரும். தண்ணீரும் அதற்கேற்ற செடித் தேர்வும் முதலில் வரும். மீன்வளம் படித்து, வில்லிவாக்கம் முதல் திருவொற்றியூர் வரை வீடுகளில் செடித் தொட்டிகள் அமைத்துத் தரும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், தயக்கமின்றிச் சொல்லக்கூடியவற்றையும் இன்னும் விவாதத்தில் இருப்பவற்றையும் கலக்காமல் எழுத முயல்கிறேன்.

ஐயத்துக்கு இடமில்லாதது முதலில். செடியின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கார்பன். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து எளிதாக எடுத்துக்கொள்கிறது. நீருக்குள் இருக்கும் செடிக்கு அந்த வசதி இல்லை, ஏனெனில் வாயு நீரில் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுக்கே கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். சிலிண்டர் வைத்து வளர்ப்பவர்கள் 30 மில்லிகிராமை இலக்காகக் கொள்கிறார்கள். ஆக, சிலிண்டர் இல்லாத தொட்டியில் செடியின் வளர்ச்சிக்கு எல்லைக்கோடு போடுவது பெரும்பாலும் கார்பன்தான். எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும் என்பதால், கார்பன் போதாத இடத்தில் விளக்கைக் கூட்டினாலும் உரத்தைக் கூட்டினாலும் செடி அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது. மிஞ்சுவதைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

இங்கேதான் நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டும் கார்பனின் ஒரு வடிவமே. எல்லாச் செடிகளாலும் அதை உண்ண முடியாது; சிலவற்றால் முடியும். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் ஆகிய மூன்றும் பைகார்பனேட்டிலிருந்து கார்பனைப் பிரித்தெடுக்கும் திறன் உடையவை. மூன்றுமே நம் நாட்டு நீர்நிலைகளில் இயல்பாக வளர்பவை. மாஸ் (moss) வகைகளுக்கும் கபோம்பாவுக்கும் அந்தத் திறன் இல்லை. ஒரே தொட்டியில் வாலிஸ்னேரியா புல்லைப்போலப் படர்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் வைத்த கபோம்பா இலை உதிர்ந்து வெறும் தண்டாகி நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. வளர்ப்பவரின் கைராசி அல்ல. எனவே செடியின் அழகைப் பார்த்து வாங்குவதற்கு முன், உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வட சென்னையில் அதற்கு ஒரே விடை கிடையாது. புழல் ஏரியிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வரும் குடிநீர் ஒரு வகை. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர் இன்னொரு வகை. போர் தண்ணீர் முற்றிலும் வேறு. மீஞ்சூர் வட்டாரத்தின் நிலத்தடி நீர்ப்படுகையில் அளவுமீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் பதிவுசெய்துவரும் விஷயம், கடலோரத் தெருக்களில் ஒரு வீட்டுக் கிணற்றுக்கும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்குமே சுவை மாறும். இவற்றோடு லாரித் தண்ணீரும் சேர்ந்து ஒரே தரைத்தொட்டியில் கலந்துவிடுகிற வீடுகளும் உண்டு. டி.டி.எஸ். மீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அது காட்டும் எண் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைத்தான் சொல்லும், அந்த உப்பு சுண்ணாம்பா சமையல் உப்பா என்று சொல்லாது. செடிக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். சுண்ணாம்புக் கடினம் வாலிஸ்னேரியாவுக்கு உணவு. கடல் உப்போ பெரும்பாலான செடிகளுக்குப் பகை. சோப்பு நுரைக்காமல், வாட்டர் ஹீட்டர் சுருளில் வெள்ளைப் படிவு கட்டினால் சுண்ணாம்பு அதிகம் என்று பொருள். நாவில் வைத்தால் கரிக்கிறது என்றால் அந்தப் போர் தண்ணீரைத் தொட்டிக்குத் தனியாகப் பயன்படுத்தாதீர்கள். சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஜி.எச். (கால்சியம், மெக்னீசியத்தின் அளவு), கே.எச். (பைகார்பனேட்டின் அளவு) சோதனைக் குப்பிகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கின்றன. உரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் அவற்றை வாங்குவதே சரி. கரிப்பாக இருந்தால் குழாய்க் குடிநீரைப் பாதியோ அதற்கு மேலோ கலந்துகொள்ளலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் நிரப்புவது தவறு: அதில் கே.எச். ஏறக்குறைய இல்லாததால் பி.எச். (அமில, கார நிலையின் அளவு) நிலையாக நிற்காது, ஒரே இரவில் சரியக்கூடும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுவதும் திறந்த பக்கெட்டில் ஏர் மோட்டார் ஓடவிட்டால் வெளியேறிவிடும். அவசரத்துக்குக் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்து போதும், அது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட் கரைசல்தான். தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதன்மேல் மெல்லிய துணி கட்டுங்கள், டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான்.

விளக்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் முழுக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மண்ணும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் நிற்கும். அதற்கு 9 முதல் 12 வாட் வரையிலான, 6500 கெல்வின் என்று குறிக்கப்பட்ட சாதாரண வெள்ளை எல்.இ.டி. போதும். தொடக்கத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம், ஒன்றரை மாதத்துக்குப் பின் பாசி இல்லையென்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கையால் போட்டு அணைப்பதை நம்பாமல் ஒரு டைமர் பிளக் வாங்கிவிடுங்கள். சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் இந்தக் கணக்கு எல்லாம் வீண்; தண்ணீர் பச்சையாகிவிடும், கோடையில் சூடும் ஏறும்.

மண்ணில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் சிலிண்டர் இல்லாத தொட்டியில் மண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வேருக்கு இரும்பு முதலிய சத்துகளைத் தருவது ஒன்று. அதிலுள்ள மட்கிய பொருள் மெல்லச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடைக் கசியவிடுவது மற்றொன்று. செங்குன்றம் பக்கத்துச் செம்மண் இரும்புச் சத்து மிகுந்தது. அதனுடன் சமபங்கு சாதாரணத் தோட்டத்து மண்ணைக் கலந்தால் போதும். நர்சரியில் மூட்டையாக விற்கும் கலவை மண்ணைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதில் பச்சைச் சாணமோ மண்புழு உரமோ இருந்தால் அம்மோனியா பொங்கும். தென்னை நார்க்கழிவு மிதக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, செடிகளுக்குப் பூச்சி வராமல் இருக்கச் சேர்க்கும் வேப்பம் புண்ணாக்கு மீனுக்கு நஞ்சு. மண்ணைப் பக்கெட்டில் ஊறவைத்து, மிதப்பதை வடித்து, வெயிலில் உலர்த்தி, இதையே மூன்று நான்கு முறை செய்து, பிறகு சலித்தால் கரையக்கூடிய உப்பும் பச்சை எச்சங்களும் பெருமளவு போய்விடும். தொட்டியின் அடியில் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மண், அதன்மேல் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள சரளை. மண்ணை இதைவிடத் தடிமனாகப் பரப்பினால் அடியில் ஆக்சிஜன் அற்றுப்போய் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உருவாகும். மேலே போடும் சரளையை முதலில் சோதியுங்கள்: ஒரு பிடியில் வினிகரை ஊற்றும்போது நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. காசிமேட்டிலோ எண்ணூரிலோ கடற்கரை மணலை அள்ளிவருவது சிலருக்கு வழக்கம். உப்பும் கிளிஞ்சல் தூளும் நிறைந்த அந்த மணல் இதற்கு ஆகாது. எம் சாண்ட் வேதியியல் வகையில் பெரும்பாலும் பாதுகாப்பானது என்றாலும், கூர்முனைகளும் மாவுத் தூளும் உள்ளது. அடியில் மேயும் மீன்கள் இருந்தால் வேண்டாம்.

இனிச் செடிகள். பின்வரிசைக்கு வாலிஸ்னேரியாவும் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மாவும், நடுவில் கிரிப்டோகோரைன் வென்டியும், கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டுவதற்கு அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும், மேலே மிதக்க ஒரு கைப்பிடி ஹார்ன்வொர்ட்டும் என்று தொடங்குங்கள். ஹைக்ரோஃபிலா நம் நாட்டுச் செடி, கிரிப்டோகோரைன் வென்டி இலங்கைச் செடி. இரண்டுக்கும் நம் வெப்பம் புதிதல்ல. சிவப்பு இலைச் செடிகளையும் தரையில் பாய் விரித்தாற்போல் படரும் குட்டைச் செடிகளையும் இந்தத் தொட்டிக்கு வாங்காதீர்கள். அவை கேட்கும் ஒளியையும் கார்பனையும் உங்களால் தர இயலாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டிலும் வேர் முளைக்கும் தடித்த கிடைத்தண்டு மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும் என்பதால், நூலால் கட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டாக விற்கும் தண்டுச் செடிகளில் சுற்றியிருக்கும் ரப்பரையும் ஈயப் பட்டையையும் கழற்றி, ஒவ்வொரு தண்டாகப் பிரித்து நடுங்கள். முதல் நாளிலேயே தரையில் பாதிக்கு மேல் செடி இருக்கும்படி அடர்த்தியாக நடுவது அவசியம். நான்கு செடிகளை நட்டுவிட்டு அவை பெருகட்டும் என்று காத்திருந்தால் இடையில் இருக்கும் சத்தையெல்லாம் பாசி தின்றுவிடும்.

உங்கள் செடிகள் கரைந்ததற்கு நோய் காரணமாக இருக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் பல செடிகள் பண்ணைகளில் வேர் மட்டும் ஈரத்திலும் இலை காற்றிலுமாக வளர்க்கப்படுகின்றன. காற்றில் உருவான இலை நீருக்குள் நீண்ட நாள் நிற்காது. அது கரையும்போது செடி தன் சேமிப்பைக் கொண்டு நீருக்கேற்ற புதிய, மெல்லிய இலையை விடும். கிரிப்டோகோரைன் இன்னும் ஒரு படி மேலே போய், இடம் மாற்றினாலே எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும். வேரைப் பிடுங்காமல் விட்டால் சில வாரங்களில் திரும்பத் தழைக்கும். கிழங்கோ தண்டோ கெட்டியாக இருந்தால் காத்திருங்கள். அழுத்தினால் கூழாகி நாறினால் மட்டும் தூக்கி எறியுங்கள்.

கேட்ட உரத்துக்கு இப்போது வருகிறேன். மீனுக்குப் போடும் தீவனத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு. அவை மீனின் கழிவாகி நீருக்கு வந்துசேரும். இரும்பு மண்ணில் இருக்கிறது. கால்சியமும் மெக்னீசியமும் நம் கடினத் தண்ணீரில் பெரும்பாலும் வேண்டிய அளவு இருக்கும். குறையக்கூடியது பொட்டாசியம்; ஹைக்ரோஃபிலாவின் முதிர்ந்த இலைகளில் ஊசியால் குத்தியதுபோன்ற துளைகள் தோன்றினால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். புதிய இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு போதவில்லை என்று கொள்ளலாம். இந்த அறிகுறிகள் தெரியும்வரை, முதல் இரண்டு மாதங்களுக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மீன்களை உடனே விடாதீர்கள். மீன் கழிவின் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை நிலைகொள்ள நம் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். செடிகள் அம்மோனியத்தை நேரடியாக உண்பதால் செடித் தொட்டி கொஞ்சம் விரைவாகவே தயாராகும், ஆனால் புதிய மண்ணும் அம்மோனியாவைக் கசியவிடும் என்பதால் ஒன்று மற்றொன்றைச் சமன்செய்துவிடுகிறது. நம் ஊரில் அவசரப்படுவது கூடுதல் ஆபத்து. நீரிலுள்ள அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு பி.எச்.சையும் வெப்பத்தையும் பொறுத்தது: 30 டிகிரியில் பி.எச். 7 ஆக இருந்தால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் ஏழு சதவீதத்துக்கும் மேல். போர் தண்ணீர் பெரும்பாலும் காரமாகவே இருப்பதால், பிறர் தொட்டியில் தாங்கிய அளவு உங்கள் தொட்டியில் மீனைக் கொன்றுவிடலாம். ஆறு வாரம் கழித்து, சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருந்தால், நான்கு கப்பிகளோடு தொடங்கி மெல்ல எட்டு பத்துக்குக் கொண்டுபோகலாம். ஆண் கப்பிகளை மட்டும் வாங்கினால் பெருக்கம் பற்றிய கவலை இராது. கடினத் தண்ணீருக்கு கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை பொருந்தும். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களை விட்டுவிடுங்கள். தங்கமீன் செடியைத் தின்னும், தோண்டியும் போடும்.

கோடையில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடுவது இங்கே இயல்பு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடிய ஆக்சிஜன் 32 டிகிரியில் 7.3 ஆகக் குறைகிறது, இரவில் செடிகளும் அதைத்தான் சுவாசிக்கின்றன. ஏர் மோட்டாரில் ஓடும் சிறிய ஸ்பான்ஜ் ஃபில்டர் இரவு முழுவதும் ஓடட்டும். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லையேல் மின்சாரம் போகும்போது குழாய்வழியே தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும். ஃபில்டர் நீரைக் கலக்கினால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும் என்று சொல்வது சிலிண்டர் தொட்டிக்குப் பொருந்தும் அறிவுரை. நம் தொட்டியில் பகலில் செடி கார்பனைத் தீர்த்துவிட்ட பிறகு, மென்மையான கலக்கல் காற்றிலிருந்து கொஞ்சத்தை உள்ளே கொண்டுவரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அப்படிப்பட்ட வாரத்துக்காக வீட்டில் இருப்பது நல்லது. நெரிசல் இல்லாத தொட்டிக்கு அதுவும் அநேகமாகத் தேவைப்படாது. அந்த நாட்களில் தீவனம் மட்டும் போடாதீர்கள்.

இனி விவாதத்தில் இருப்பவை. பகலில் சில மணி நேரம் விளக்கை அணைத்துச் செடிக்கு ஓய்வு கொடுத்தால் கார்பன் மீண்டும் சேரும் என்பார்கள். இதில் தர்க்கம் இருக்கிறது, ஆனால் பாசி குறையும் என்ற கூற்றை அதன்மேல் ஏற்றுவது அதிகப்படி. புட்டியில் வரும் பாக்டீரியா திரவங்கள் வேலைசெய்வதும் உண்டு, செய்யாததும் உண்டு. கடைத் தட்டின் வெக்கையில் எத்தனை மாதம் கிடந்தது என்பதைப் பொறுத்தது. நன்கு ஓடும் தொட்டியிலிருந்து பிழிந்த ஸ்பான்ஜ் அழுக்கு அதைவிட நம்பகமானது, இலவசமும்கூட. திரவ கார்பன் என்ற பெயரில் விற்கும் புட்டிகளில் இருப்பது குளூட்டரால்டிஹைடு. மருத்துவக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அதே பொருள். அது பாசியைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. கார்பன் ஆதாரமாக எவ்வளவு உதவுகிறது என்பதுதான் வாதம். வாலிஸ்னேரியாவையும் மாஸையும் அது பாதிக்கும் என்பதால் இந்தத் தொட்டிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கார்பன் டை ஆக்சைடு உண்டாக்கச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில் நம் வெயிலில் முதல் சில நாள் பொங்கிவிட்டு ஓய்ந்துவிடும். கார்பனின் அளவு இப்படி ஏறியிறங்குவது, கூடுதல் கார்பனே இல்லாமலிருப்பதைவிடப் பாசிக்கு வசதி. இறால் வளர்ப்பது பற்றி என்னைக் கேட்காதீர்கள், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

முதல் மாதம் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கண்ணாடியில் படியும் பழுப்பு நிறப் பாசி முதல் சில வாரங்களில் எல்லாத் தொட்டியிலும் வரும், துடைத்துவிட்டால் தானாக அடங்கும். பலரும் கவனிக்காதது ஆவியாதல்: தண்ணீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்குகிறது, குறைந்ததை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் டி.டி.எஸ். மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். ஆவியான பங்கை மட்டும் ஆர்.ஓ. தண்ணீராலோ, ஐப்பசி கார்த்திகை மழையில் மாடி நன்றாகக் கழுவப்பட்டபின் பிடித்த மழைநீராலோ ஈடுசெய்யுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் புகையும் படியும் மாடிகளாக இருந்தால் மழைநீரை விட்டு ஆர்.ஓ. தண்ணீரையே வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்த்து எண்ணைக் குறித்துவாருங்கள். தொடக்கத்தில் இருந்ததைவிட அது கால் பங்கு ஏறியிருந்தால் அந்த வாரம் மாற்றும் தண்ணீரின் அளவைக் கூட்டிவிடுங்கள்.